ஆளுக்கொரு கல்

அந்த ஊரின் பெயரை அஜித்குமாரால் கடைசிவரை சரியாக உச்சரிக்க முடியவில்லை. ஹங்கேரியில், டான்யூப் ஆற்றின் ஓரம், மஞ்சள் சுவர்களும் சிவப்பு ஓடுகளுமாக ஒரு சின்ன ஊர். கல்வராயன் மலையிலிருந்து அந்த நாட்டுக்குப் பேட்டரித் தொழிற்சாலை வேலைக்குப் போனவன் அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கூடத் தங்கியிருந்தவர்களோடு பஸ் ஏறி அங்கே சுற்றிப் பார்க்கப் போனான்.

எரிகா என்ற உள்ளூர்ப் பெண்தான் வழிகாட்டி. ஐம்பது வயது இருக்கும். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கல் பாவிய சந்துகளில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். தேவாலயம், பழைய சந்தை மேடை, வெள்ளம் ஏறிய உயரத்தைக் குறித்து வைத்த சுவர். அஜித்துக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. கால் விறைத்துப் போயிருந்தது. எண்ணெயில் பொரித்து, பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்ட பெரிய ரொட்டி ஒன்றைத் தெருக் கடையில் வாங்கித் தின்றான். அதுவரை அவனுக்குப் பிடித்த சங்கதி அது ஒன்றுதான்.

கடைசிச் சந்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வீடு. எரிகா பையைத் திறந்து ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தாள். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் இந்த வீட்டுக்காரி துருக்கிப் படைக்கு ஊர்க்கதவைத் திறந்துவிட்டாள் என்றாள். அன்றிலிருந்து இந்த வழியாகப் போகிறவர்கள் அந்தக் கதவில் ஒரு கல் எறியாமல் போவதில்லையாம்.

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கூட்டம் விழித்துக்கொண்டது. கிழவர்கள்கூடக் கையை ஓங்கினார்கள். டொக், டொக்கென்று கல் விழ, ஒரே சிரிப்பு. அஜித்தும் எறிந்தான். அன்றைக்கு முதன்முதலாக அவன் உடம்பு சூடானது.

பஸ் ஏறும்போது அவளிடம் அரைகுறை ஆங்கிலத்தில், கதை நிஜமா என்று கேட்டான்.

எரிகா சிரித்தாள். "எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினோம். அந்த வீட்டுக்குள்ளே நகராட்சி உப்பு மூட்டைதான் இருக்கிறது, பனி கொட்டினால் ரோட்டில் போடுவதற்கு. உப்புக்கு வலிக்காது."

அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் அஜித் ஊருக்குக் கொண்டுவந்தான்.

* * *

ஊர் என்றால் கல்லூத்துமேடு. வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் திணறும் பாதையில் மேலே ஏறினால் வரும். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற சனம். ஊருக்கு நடுவே பழைய ஜாகீர்தார் கோட்டை. கோட்டை என்று சொல்வதுதான். வாசலின் இரண்டு கல் தூண்கள், பாசி பிடித்த ஒரு கிணறு, இடுப்பு உயரத்துக்குச் சுவர். அவ்வளவே மிச்சம்.

ஒப்பந்தம் முடிந்து திரும்பிய அஜித்குமார், ஹங்கேரிச் சம்பாத்தியத்தில் ஒரு மாடி வீடு கட்டினான். ஊரிலேயே அது ஒன்றுதான் மாடி வீடு. பணம் அதோடு தீர்ந்தது. கள்ளக்குறிச்சியில் வேலை தேடி அலுத்தபோது கிடைத்தவர்தான் சக்கரவர்த்தி. வடக்கனந்தலில் நிலபுலன் உள்ளவர். மலை அடிவாரத்தில் பத்துக் குடிசை போட்டு, 'ரிசார்ட்' என்று பலகை வைத்திருந்தார். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் காரில் வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது அஜித்தின் வேலை.

முதல் மாதமே சக்கரவர்த்தி சலித்துக்கொண்டார்.

"ரெண்டு தூணு, ஒரு பாழுங்கெணறு. இத்தப் பாக்கவாடா பெட்ரோல் போட்டுக்கினு வர்றானுங்க? பாதி வழியிலயே செல்போன நோண்ட ஆரம்பிச்சுடறானுங்க. ஏதாச்சும் கத சொல்லேன்டா."

அஜித் ஹங்கேரியில் கல் எறிந்ததைச் சொன்னான். சக்கரவர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அப்பிடிப் போடு! யாரு வூடு தோதுப்படும்?"

அஜித் மனதுக்குள் ஊரை ஒரு சுற்று சுற்றினான். ஊர்க்கவுண்டர் தெய்வசிகாமணி வீடு ஆகாது, காலை ஒடித்துவிடுவார். பங்காளி வீடுகள் ஆகாது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான்.

"கடைசில ஒண்ணு கீதுண்ணே. செல்லியம்மா அத்தை வூடு. புருஷன் ஆந்திரா பக்கம் மரம் வெட்டப் போனாரு, திரும்பல. ஒரே பொண்ணு செவ்வந்தி, அதையும் சேராப்பட்டுப் பக்கம் கட்டிக் குடுத்தாச்சு. கேக்க ஆளு இல்ல."

"கெட்டிக்காரன்டா நீ" என்று சக்கரவர்த்தி அவன் முதுகில் தட்டினார்.

கதை அன்றைக்கே தயாரானது. ஜாகீர்தார் அரண்மனை வேலைக்காரி பூவாயி. ஒரு பொன் ஒட்டியாணத்துக்கு ஆசைப்பட்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டாள். ஜாகீர்தார் குடும்பம் குழந்தை குட்டிகளோடு வெட்டுப்பட்டுச் செத்தது. பூவாயி வாழ்ந்த வீடு இதோ. அவள் வம்சம் இன்றைக்கும் இதில்தான் குடியிருக்கிறது. ஒட்டியாணம் எங்கே போனது? யாருக்கும் தெரியாது. வழிவழியாக இந்த வழியில் போகிறவர்கள் ஒரு கல் எறிந்துவிட்டுத்தான் போவார்கள்.

மாசி மாதத்து முதல் சனிக்கிழமை, கண்ணாடியும் தொப்பியுமாக வந்த ஒரு கூட்டம் ஆளுக்கொரு கல் எறிந்தது.

சாமை புடைத்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. வெயிலில் காய்ந்த ஒடிசலான உடம்பு.

"இன்னாடா அஜித்து, இன்னாத்த எறியறாங்க?"

"சும்மா வெளையாட்டு அத்தே. சினிமா மாரி. கண்டுக்காத."

"வெளையாட்டா? கதவு பழசுடா. பாத்துப் போடச் சொல்லு."

வந்தவர்கள் வியர்த்து நிற்பதைப் பார்த்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, துரோகி வீட்டுத் தண்ணி வேணாம்ப்பா. குடிச்சா நானும் காட்டிக் குடுத்துடுவேன்!"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அஜித்தும் சிரித்தான். செல்லியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தண்ணீரை மிளகாய்ச் செடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

* * *

கூட்டம் பெருகியது. கதவில் எறிந்து அலுத்தவர்கள் கூரைத் தகரத்தில் எறிந்தார்கள். அதில்தான் சத்தம் ஜாஸ்தி. வாசலில் கற்குவியல் முழங்கால் உயரம் வந்தது. அதை அள்ளிக் கொட்டப் பார்த்தவளை அஜித்தே தடுத்தான். குவியல் இருந்தால்தான் போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம்.

செல்லியம்மாள் சனி, ஞாயிறுகளில் விடிவதற்குள் காட்டுக்குப் போய்விட ஆரம்பித்தாள். வருகிறவர்களுக்கு ஏமாற்றம். அஜித் அதற்கும் வழி கண்டுபிடித்தான். மேட்டில் ஏறி நின்று கையை நீட்டினான்.

"அதோ பாருங்க, மரவள்ளிக் காட்டுல களை எடுத்துக்கினு கீதே, அதுதான் பூவாயி வாரிசு."

எல்லோரும் செல்போனைத் தூக்கிக் குனிந்திருந்த அவள் முதுகைப் படம் எடுத்தார்கள்.

ஊர் என்ன செய்தது? முதலில் சிரித்தது. பிறகு வியாபாரம் செய்தது. ஒருத்தி தேன் விற்றாள், ஒருத்தி எலுமிச்சை விற்றாள். டீக்கடை வந்தது, அதையடுத்து வடைக்கடையும் வந்தது. வருமானம் வந்த எந்த வீட்டுக்கும் செல்லியம்மாள் வீட்டுக் கூரையின் சத்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அஜித்குமாரே எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் ஊர்க்கவுண்டர் தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எங்க தாத்தா சொல்லிக்கினே இருப்பாரு. பூவாயின்னு ஒருத்தி. நெறம் செவப்பாம். நெத்தியில மச்சமாம்."

அஜித்துக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். அடுத்த வாரம் வேறொரு கிழவர், பூவாயி ஓடிய பாதையைக் காட்டினார். வைகாசி முடிவதற்குள், பூவாயி கதை தெரியாத ஆள் ஊரில் இல்லை. எல்லோருக்கும் அவரவர் தாத்தா சொன்னதாகவே ஞாபகம் இருந்தது.

அந்த வருஷம் கோடை மழை பொய்த்தது. ஆனியில் ஆடுகளுக்கு வாயில் நுரை தள்ளும் நோய் வந்து, பட்டி பட்டியாகச் செத்தன.

"வருஷா வருஷம் துரோகி வூட்டுச் சாமையையும் சேத்துப் பொங்கறோமே. அம்மனுக்கு எப்பிடி எறங்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

கல்லூத்துமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியில் விதைப்புக்கு முன்னால் கோட்டைமாரி அம்மனுக்குப் பொங்கல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி சாமை வரும். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிப் பொங்குவார்கள். அதற்குப் பங்கு என்று பெயர். எந்த வீட்டுப் பங்கு அண்டாவில் விழவில்லையோ, அந்த வீடு ஊரில் சேர்த்தி இல்லை. அவர்கள் காட்டுக்கு உழவுக்கோ விதைப்புக்கோ யாரும் கை கொடுக்க மாட்டார்கள். நல்லதுக்கும் வரமாட்டார்கள், சாவுக்கும் வரமாட்டார்கள். அவர்கள் பெண்ணைக் கட்டிய ஊரும் அந்தப் பெண்ணைத் தாய்வீட்டு வாசலுக்கு அனுப்பாது.

செவ்வந்திக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். பொங்கல் முடிந்ததும் வளைகாப்பு போட்டு அழைத்துவருவதாகச் சம்பந்தி வீட்டில் பேசி வைத்திருந்தது.

* * *

பொங்கலுக்கு முந்தின நாள் செல்லியம்மாள் அஜித்தின் மாடி வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா பெரியம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்லியம்மாளை உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணி, அஜித்து கீறானா?"

"கீறான். இன்னா விசயம்?"

"நாளைக்கி என் பங்க வாங்கக் கூடாதுன்னு பேசிக்கறாங்க. பூவாயி கத இவன் கட்டுனதுதானே? கூட்டத்துல எழுந்து ஒரு வார்த்த சொன்னா போதும்."

பெரியம்மாள் வெங்காயத் தோலை அவள் கால் பக்கமாக ஊதினாள். "அவன் கட்டுனான்னு நீ எப்பிடிச் சொல்ற? கவுண்டரு தாத்தா சொன்னாராமே. நெருப்பு இல்லாமயா பொகையும்? ஒன் புருஷன் ஆந்திராவுல இன்னா பண்ணி மாட்டுனானோ, யாருக்குத் தெரியும். கூட இருந்தவன காட்டிக் குடுத்துட்டுக்கூட ஓடியிருப்பான். ரத்தம் எங்க போவும்?"

செல்லியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அஜித் வெளியே வந்தான்.

"நீ போ அத்தே. நாளைக்கி நான் சொல்லிக்கறேன்."

"சத்தியமாவா?"

"சத்தியமா. செவ்வந்தி எனக்கு மட்டும் வேத்தாளா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சொல்லிவிடவேண்டும் என்றுதான் அஜித்தும் நினைத்தான். அந்த நினைப்பு சாயங்காலம்வரை இருந்தது. சாயங்காலம் சக்கரவர்த்தி ஜீப்பில் மேலே வந்தார்.

"நாளைக்கி யூடியூப்காரங்கள இட்டாரேன். திருவிழா, கல்லெறி எல்லாத்தையும் எடுக்கப் போறாங்க. இது மட்டும் வெளிய வந்துச்சுன்னா ஸ்கூல் பஸ்ஸெல்லாம் வரிசை கட்டும். இன்னாடா மொகம் தொங்குது?"

அஜித் விஷயத்தைச் சொன்னான். சக்கரவர்த்தி அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, கத பொய்யின்னு நீ சொல்லு. தாராளமா சொல்லு. அப்பால அந்த ரெண்டு தூணக் கட்டிப் புடிச்சுக்கினு ஒக்காரு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

* * *

மறுநாள் காலை அம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. கேமராவோடு மூன்று பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பக்கத்தில் சக்கரவர்த்தி, வெள்ளை வேட்டி சட்டையில். அண்டாவில் சாமை விழ விழ உடுக்கை அடித்தது.

பெரியம்மாள் தன் வீட்டுப் பங்கைக் கொட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தாள். அடுத்து செல்லியம்மாள் படியோடு வந்தாள். உடுக்கை நின்றது.

"செல்லி, நில்லு" என்றார் தெய்வசிகாமணி. "ஒம் பங்கு வேணாம்."

"ஏன் மாமா?"

"ஏன்னு ஒனக்கே தெரியும்."

"கேமராக்காரங்க வர்ற வரைக்கும் எம் பங்கு இனிச்சுதே மாமா. போன வருசங்கூட அள்ளி அள்ளித் தின்னீங்களே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் முகம் சிவந்தது. "வாய அடக்கு!"

அவள் திரும்பினாள். "அஜித்து, சொல்லுடா."

எல்லோரும் அஜித்தைப் பார்த்தார்கள். கேமராவும் அவன் பக்கம் திரும்பியது. சக்கரவர்த்தி கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னாத்தச் சொல்றது அத்தே?" என்றான் அஜித். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "ஊரு பெரியவங்க சொன்னதத்தான் நான் சொன்னேன். நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணுவியா?" என்றாள் செல்லியம்மாள்.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அஜித் அதன் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தான். "பூவாயி கத நெசம்."

செவ்வந்திக்கு வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்கள் இனி பெட்டியிலேயே கிடக்கும். எல்லாம் முடிந்துவிட்டது என்று செல்லியம்மாளுக்கு விளங்கியது. அது விளங்கியதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. படியைத் தரையில் வைத்தாள்.

"சரி. ஒத்துக்கறேன்" என்றாள்.

கூட்டம் சலசலத்தது.

"பூவாயி எங்க வூட்டுப் பொம்பளதான். கதவத் தொறந்ததும் நெசந்தான். எங்க மாமியாரு சாவும்போது எல்லாத்தயும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தா. வெளிய சொல்லாதன்னா. இன்னைக்கி அம்மன் முன்னால கேட்டுட்டீங்க, மறைக்க முடியாது."

கேமராக்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். தெய்வசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டு, நான் சொல்லவில்லையா என்பதுபோல எல்லோரையும் பார்த்தார்.

"ஆனா ஒட்டியாணம் எங்க வூட்டுக்கு வரல. எங்க வூட்டப் பாருங்க. ஓட்டத் தகரம், மண் சொவரு. அந்தத் தங்கத்த வாங்கிக்கினு போனது பூவாயியோட கள்ளப்புருஷன். அவன்தான் கதவத் தொறடின்னு அவளத் தூண்டி வுட்டவன். பழி எங்க வூட்டுக்கு வந்துச்சு, பொன்னு அவன் வூட்டுக்குப் போச்சு. அவன் இந்த ஊருக்காரன்தான். அவன் வம்சமும் இங்கதான் கீது."

"யாரு? பேரச் சொல்லு!" என்று நாலைந்து குரல்கள்.

செல்லியம்மாள் சொல்லவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, அஜித்தைக் கடந்து, பெரியம்மாளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெரியம்மாளால் பொறுக்க முடியவில்லை. "எங்க வூட்டு ஆள இழுத்தே, நாக்க அறுத்துப்புடுவன்டி!"

"பாத்தீங்களா?" என்றாள் செல்லியம்மாள் அமைதியாக. "நான் இன்னும் பேரே சொல்லல. அண்ணிக்கு ஏன் குத்துது?"

உடுக்கைக்காரர் வாயைப் பிளந்தார். கூட்டம் பெரியம்மாளைச் சுற்றி லேசாக விலகியது.

"இந்த ஊர்ல ஒத்த மாடி வூடு யாரோடது?" என்று செல்லியம்மாள் கேட்டாள். "நாம எல்லாரும் ஒரே மாரி சாமதானே வெதைக்கறோம்?"

"அது எம்புள்ள ஹங்கேரில சம்பாரிச்சது!"

"ஹங்கேரியா? அது எங்க கீது? இங்க யாரு பாத்தா?"

யாரும் பார்த்ததில்லை. அந்த வீடு எழும்பிய நாளிலிருந்து ஒவ்வொருத்தர் வயிற்றிலும் புகைந்துகொண்டிருந்தது இப்போது ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பெட்டி பெட்டியாக எதையோ கொண்டுவந்து இறக்கினான் என்றார் ஒருவர். அஸ்திவாரம் தோண்டும்போது யாரையும் கிட்டே விடவில்லை என்றாள் ஒருத்தி. அஜித் தாத்தா அடிக்கடி கள்ளக்குறிச்சி நகைக்கடைத் தெருவுக்குப் போய் வந்தார் என்று இன்னொரு கிழவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"பொய்!" என்று அஜித் கத்தினான். "எல்லாம் பொய்! பூவாயின்னு ஒருத்தியே கெடையாது. அந்தக் கதையே நான் கட்டுனது. ஹங்கேரில ஒருத்தி சொன்னா, அத்த இங்க தூக்கியாந்து போட்டேன்!"

தெய்வசிகாமணி எழுந்து நின்றார்.

"எங்க தாத்தா சொன்னது பொய்யாடா?"

அஜித் கரி படிந்த உள்ளங்கையை இடுப்பில் துடைத்தான்.

"இப்பத்தான் அம்மன் முன்னால சூடம் அணச்சே. கை கரி கூட இன்னும் அழியல. அது பொய்யா, இது பொய்யா? ஒன் வூட்டுப் பேரு வந்தவொன்ன கத மாறுதா?"

அவன் சக்கரவர்த்தியைப் பார்த்தான். அவர் கேமராக்காரரின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்டாவில் கலந்துவிட்ட பெரியம்மாளின் சாமையைப் பிரிக்க முடியாது. அண்டாவையே கவிழ்த்துக் கொட்டினார்கள். இரண்டு வீடுகளின் பங்கும் இல்லாமல் புதிதாகப் பொங்கல் வைத்தார்கள்.

* * *

செவ்வந்தி வரவில்லை. "எங்க வூட்டுப் புள்ள அந்த வூட்ல பொறக்க வேணாம்" என்று சம்பந்தி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்த செய்தி, தேன் விற்கிறவள் யாரிடமோ பேசிக்கொண்டு போனபோதுதான் செல்லியம்மாள் காதில் விழுந்தது. அவள் காடு தரிசாகக் கிடந்தது. பக்கத்திலேயே அஜித்தின் காடும் தரிசு.

பெரியம்மாள் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனால் குடங்கள் வழிவிடவில்லை. ஊர் அடங்கியபிறகு போய் மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீடியோவை ஜனங்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். சக்கரவர்த்தியின் குடிசைகள் நிரம்பி வழிந்தன. அஜித் அடிவாரத்துக்குப் போய், இந்த வேலையே வேண்டாம் என்றான்.

"வுட்டுட்டு இன்னா பண்ணுவே? காட்டுல கால் வைக்க ஆளு கீதா?" என்றார் சக்கரவர்த்தி. "மறுபடியும் ஹங்கேரி போறியா? வயசான அம்மாவ இந்த ஊர்ல தனியா வுட்டுட்டு? தோ பாரு, இப்ப ரெண்டு வூடு. துரோகி வூடு, கள்ளப்புருஷன் வூடு. ரெட்டைச் சுத்து. ஒன்ன மாரி எவன்டா சொல்லுவான்? ஒன் வம்சக் கதையாச்சே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். தூண்கள், கிணறு, சுவர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. செல்லியம்மாள் வீட்டுக் கதவில் கல் எறிந்தாகிவிட்டது. இப்போது அவள் காட்டுக்கு ஓடி ஒளிவதில்லை. வாசலில் கற்குவியலின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கல் பக்கத்தில் விழுந்தபோதும் நகரவில்லை.

கூட்டம் மாடி வீட்டை நோக்கி நடந்தது. அவளும் எழுந்து பின்னால் வந்தாள்.

அஜித் பையைத் திறந்து ஆளுக்கொரு கல் கொடுத்தான். மனப்பாடமாகச் சொன்னான். ஒட்டியாணம், கள்ளப்புருஷன், தங்கத்தில் எழும்பிய மாடி. மாடியில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. முதல் கல் சுவரில் பட்டுத் தெறித்தது. அடுத்தது ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது. "ஆளு கீது, ஆளு கீது!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் செல்போனை உயர்த்தினார். "கைடு சார், நீங்க போடல? போடுங்க, வீடியோ எடுக்கறேன். சொந்த வீட்டு மேலயே போடறீங்கன்னா செமயா இருக்கும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அஜித் பையில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தான். வீசினான். அது வாசற்படியில் விழுந்து உருண்டது.

கூட்டத்தின் பின்னாலிருந்து செல்லியம்மாள் சொன்னாள்.

"கை தாழுது அஜித்து. அண்ணி மாடில கீறாங்க. தூக்கி வீசு."